இருபத்தைந்தில் நிற்கும் கை

ஆசியா உம்மாள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் நான் தும்முவேன். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. மேலப்பாளையத்தில் சுவரை அப்படிக் கட்டிவைத்தால் காதைக் கழற்றி ஆணியில் மாட்டவா முடியும்?

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு, பீடி சுற்றத் தட்டோடு உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தொப்புத் தொப்பென்று சத்தம். மாவு இடிக்கிற சத்தமில்லை, அதைவிட வேகம். கொஞ்சம் இடிக்கும், நிற்கும், மறுபடி இடிக்கும்.

எதிர்வீட்டு ஹனீனுக்குக் கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகிறது. அதற்குள் எங்கள் முடுக்கில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை அத்துப்படி. அவள் வாசலில் வந்து நின்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மாமி, ஆசியா மாமி மைதீன் மாமாவப் போட்டு அடிக்குதாங்களோ?"

முகம்மது மைதீன் காக்கா ஆசியா லாத்தாவின் வீட்டுக்காரர்; மூத்தவர்களை எங்கள் பக்கம் காக்கா, லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். கடைத்தெருவில் கைலி விற்கிறார். தன் மேல் உட்கார்ந்த கொசுவைக்கூட லாத்தாவிடம் கேட்டுவிட்டு அடிக்கிற மனிதர். அவரை அடிக்கவேண்டிய அவசியம் யாருக்கும் வராது. ஆனாலும் விசாரிக்காமல் இருப்பது அக்கம்பக்கத்துக்கு அழகில்லையே. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, நாலு வெங்காயம் கேட்கிற சாக்கில் போனேன்.

நடுவீட்டில் மைதீன் காக்காவின் கோடுபோட்ட சட்டை மல்லாந்து கிடந்தது. பொத்தான் எல்லாம் போட்டிருந்தது. உள்ளே தலையணை. அதன் பக்கத்தில் லாத்தா முட்டி போட்டு, இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, முழங்கை மடங்காமல் அமுக்கிக்கொண்டிருந்தாள். காக்கா பனியனோடு ஓரமாக உட்கார்ந்து போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெங்காயம் அடுக்களையில இருக்கு. எடுத்துக்கிட்டு உக்காரு. எப்பிடியும் கேக்காமப் போக மாட்ட" என்றாள் லாத்தா.

என்னைப் பற்றி இப்படித் தப்பான எண்ணம் அவளுக்கு. உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். சந்தைப் பக்கம் இருக்கிற இருபது படுக்கை ஆஸ்பத்திரியில் லாத்தா இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ். அதுவும் அவசரப் பிரிவில். இப்போது அந்த ஆஸ்பத்திரி ஏதோ தரச் சான்றிதழ் வாங்கப் போகிறதாம். அவசரப் பிரிவில் நிற்கிற ஒவ்வொருவரிடமும் உயிர்காப்புப் பயிற்சி முடித்த அட்டை இருந்தாகவேண்டுமாம். போன சனிக்கிழமை பாளையங்கோட்டையில் போய்ப் பரீட்சை எழுதியிருக்கிறாள். தேறவில்லை. வருகிற சனிக்கிழமை இன்னொரு தடவை. அதிலும் போனால் ஒன்றாம் தேதியிலிருந்து முன்வாசல் மேஜையில் உட்கார்ந்து டோக்கன் நம்பர் கூப்பிட வேண்டியதுதான்.

"எழுத்துலயா போச்சு?"

"எழுத்துல இருபத்தஞ்சுக்கு இருபத்திநாலு. ரப்பர் பொம்மையப் போட்டு அமுக்குததுலதான் போச்சு." நெற்றியைத் துப்பட்டாவால் துடைத்தாள். "முப்பது தடவ நெஞ்ச அமுக்கணும், ரெண்டு மூச்சு குடுக்கணும். திரும்பவும் முப்பது, ரெண்டு. நான் முப்பதுக்கு முன்னாலயே நிப்பாட்டிருதேன்னு பயிற்சி குடுக்குத அந்தப் புள்ள சொல்லுது. நான் எண்ணாமலா அமுக்குதேன்? எண்ணிக் காட்டுத அந்த மிஷின்லதான் கோளாறு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று சொன்னால் பொய். முடுக்கில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், "இப்பத்தான் வாறியளா? நேத்தே வந்திருக்கணும்" என்று அதட்டுகிற லாத்தா, ஒரு ரப்பர் பொம்மை முன்னால் தோற்றிருக்கிறாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டேன்.

"டோக்கன் கூப்பிடுதது கேவலமில்ல மும்தாஜு" என்றாள், சட்டையின் சுருக்கத்தை நீவிக்கொண்டே. "ஆனா ஒருத்தன் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு அந்த வாசல்ல வந்து விழுவான். பதினஞ்சு அடி தள்ளி நான் மேஜையில உக்காந்து நம்பர் கூப்பிடணும். அதத் தாங்க மாட்டேன்."

இதை வேறு யார் சொன்னாலும் பெருமை பேசுகிறாள் என்று முடுக்கு முழுக்கச் சொல்லியிருப்பேன். லாத்தா விஷயத்தில் எனக்கு வாய் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண விருந்தில், நாலு பேர் ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடும்போது, என் வீட்டுக்காரர் மதார் அப்படியே சாய்ந்துவிட்டார். பெண்கள் பக்கத்துத் திரையைத் தள்ளிக்கொண்டு ஆண்கள் பந்திக்குள் ஓடினது ஒரே ஒருத்தி. வண்டி வருகிறவரைக்கும் அவர் நெஞ்சை விடாமல் அமுக்கினாள். மனிதர் இன்றைக்கும் சுவருக்கு இந்தப் பக்கம் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு டீ சூடாக இல்லை என்று குறை சொல்கிறார் என்றால், அந்தப் பொறுப்பு முழுக்க ஆசியா லாத்தாவையே சேரும்.

"இன்னொருக்க அமுக்குங்க லாத்தா. நான் எண்ணுதேன்."

அமுக்கினாள். என்ன அழகு தெரியுமா அது. தோள் நேராகக் கைக்கு மேலே, ஒவ்வொரு அமுக்குக்கும் ஒரே ஆழம், ஒரே வேகம், அமுக்கினதும் நெஞ்சு முழுசாக மேலே வர இடம் கொடுக்கிற பக்குவம். வாயை இறுக்கி மூடியிருந்தாள். நான் மனசுக்குள் எண்ணினேன். இருபத்திமூணு, இருபத்திநாலு, இருபத்தஞ்சு. நின்றது.

நின்றது மட்டுமில்லை. வலது கை மேலே எழும்பியது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றுசேர்ந்து அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றின. பிறகுதான் மூச்சுக் கொடுக்கக் குனிந்தாள்.

"திரும்ப" என்றேன். திரும்பவும் இருபத்தைந்து. திரும்பவும் அந்தச் சுற்று.

"லாத்தா, மிஷின்ல கோளாறு இல்ல. நீங்க கட்டு கட்டுதிய."

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். யாரோ ஒருத்தருடைய கையைப் பார்க்கிற மாதிரி.

பீடி சுற்றாதவர்களுக்குச் சொல்லவேண்டும். ஒரு கட்டுக்கு இருபத்தைந்து பீடி. வாய்விட்டு யாரும் எண்ணமாட்டோம். பேசுவோம், சண்டை போடுவோம், அழுகிற பிள்ளையைக் காலால் ஆட்டுவோம். விரல் தானாக எண்ணும். இருபத்தைந்து வந்ததும் கை நூலை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றி முடிந்துவிடும். லாத்தா எட்டு வயசில் தட்டைப் பிடித்தவள். நர்ஸ் படிப்புக்குப் போனதே பீடி சுற்றித்தான். வெள்ளை உடுப்பு போட்டு இத்தனை வருஷம் ஆகியும், கை மட்டும் தட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.

அப்போது சுவர் தாண்டி எங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குரல். "அப்ப எனக்கும் இருபத்தஞ்சு இருபத்தஞ்சாத்தான் அமுக்குனாங்களா?"

நான் ஒட்டுக்கேட்கிறேன் என்று சொல்கிறவர்கள் என் வீட்டுக்காரரைக் கவனிக்கவேண்டும்.

"ஆமா. தடவைக்கு அஞ்சு கொறஞ்சிருக்கு. அதான் ஆறு வருஷமா எந்திரிக்காமக் கெடக்கிய" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். மைதீன் காக்கா சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று லாத்தா முகத்தைப் பார்த்தார்.

நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. மருந்துதான் தெரியவில்லை. வாய்விட்டு எண்ணிப் பார்த்தாள்; வாய் இருபத்தேழுக்குப் போனது, கை இருபத்தைந்தில் நின்றுகொண்டது. பதினைந்து பதினைந்தாகப் பிரித்துப் பார்த்தாள். இது முதல் பதினைந்தா இரண்டாவதா என்ற சந்தேகத்தில் ஒரு தடவை நாற்பத்தைந்து அமுக்கிவிட்டாள். தலைகீழாக முப்பதிலிருந்து எண்ணினால் வேகம் குறைந்தது. நிமிஷத்துக்கு நூறுக்குக் குறையாமல், நூற்றிருபதைத் தாண்டாமல் போகவேண்டுமாம். காக்கா இருபத்தைந்து வரும்போது கைதட்டிப் பார்த்தார். பரீட்சையில் யார் வந்து கைதட்டுவார்கள் என்று கேட்டு அவரைக் கடைக்கு அனுப்பிவைத்தாள்.

செவ்வாயன்று பயிற்சி கொடுத்த பெண்ணுக்கே போன் போட்டாள். பெயர் ஸ்டெஃபி. கூடங்குளம் பக்கத்துக் கடற்கரைப் பெண். அலைச் சத்தத்துக்கு மேலே பேசி வளர்ந்த குரல், சுவர் தாண்டி எனக்கே தெளிவாக வந்தது.

"சிஸ்டர், இருபத்தஞ்சு அமுக்குனாலும் உயிர் வரலாம், நான் இல்லேங்கல. ஆனா நீங்க தனி ஆள் இல்ல. மூச்சு குடுக்க இன்னொருத்தர் கையில பையோட முப்பதுக்குக் காத்துக்கிட்டிருப்பாரு. நீங்க இருபத்தஞ்சுல நிப்பாட்டுனா அவரு முழிப்பாரு. அவரு முழிக்கிற நேரம் மூளைக்கு ரத்தம் போகாது. நீங்க பெரியவங்க, நல்லா அமுக்குதீங்க. அதுக்காக நான் மார்க்கு போட முடியாது."

சின்னப் பெண் என்று லாத்தா கோபப்படுவாள் என நினைத்தேன். போனை வைத்துவிட்டு, "சரியாத்தான் சொல்லுது" என்றாள். அடுத்த நிமிஷம் தொப்புத் தொப்பு. ஆஸ்பத்திரியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, வயசு நாற்பத்தொன்பது, முட்டியில் வலி வேறு. முட்டிக்குக் கீழே பழைய சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு அமுக்கினாள். எனக்கு என் தட்டில் வேலை ஓடவில்லை.

வியாழக்கிழமை. லாத்தா வியாழன்தோறும் நோன்பு வைக்கிறவள். அன்றைக்கும் வைத்திருந்தாள். பயிற்சியையும் விடவில்லை. நான் கிண்ணம்கூட எடுக்காமல் போனேன்; சாக்குக்கு அவசியம் இல்லாமல் போய்விட்டது.

"நோன்பு தெறக்க இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு. பாதியில மயங்கி விழுந்தா உங்கள யாரு அமுக்குதது? எனக்கு இருபத்தஞ்சுதான் தெரியும்" என்றேன்.

"எந்த நோன்ப நான் பாதியில விட்டிருக்கேன்?" என்றாள் வெடுக்கென்று. சட்டையின் மேலே வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி. ரமலான்ல இருபத்தஞ்சு நோன்பு வச்சிட்டு, போதும்னு எவளாவது விடுவாளா?"

"அதெப்பிடி விடுவா? இருபத்தேழாங் கிழமையே இன்னும் வரலயே" என்றேன். மாசம் முழுக்கத் தூங்கி வழிகிறவள்கூட இருபத்தேழாம் இரவு மட்டும் விழித்திருந்து தொழுவாள். அதற்கு இரண்டு நாள் முன்னால் நோன்பை விட்டுவிட்டுக் கையை உதறுகிற முஸ்லிம் பெண்ணை நான் பார்த்ததில்லை.

லாத்தா அமுக்க ஆரம்பித்தாள். நான் எண்ணினேன். இருபது தாண்டியதும் அவள் முகம் மாறியது. நோன்பு மாசத்தின் கடைசிப் பத்து நாளில் இருக்கிற அந்த முகம்தான், களைப்பும் பிடிவாதமுமாக. இருபத்தஞ்சு. கை நிற்கவில்லை. இருபத்தாறு. இருபத்தேழு. இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது.

நின்றாள். குனிந்து இரண்டு மூச்சு.

"முப்பது முடிஞ்சா பெருநாளு" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே. "பெருநாளுக்கு ரெண்டு ரக்அத்து தொழுக, அதுதான் ரெண்டு மூச்சு."

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வந்த சந்தேகத்தை வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கில்லை. "லாத்தா, இருபத்தொன்பதுலயே பிறை தெரிஞ்சு பெருநாளு வந்துட்டா?"

"தெரியாது. மானம் மேகம் மூடிக் கெடக்கு" என்றாள். மறுபடி அமுக்க ஆரம்பித்தாள். நோன்பு திறக்கிற மக்ரிப் பாங்கு வரைக்கும் எட்டுப் பெருநாள் கொண்டாடிவிட்டாள்.

சனிக்கிழமை காக்காவுக்குக் கடை இருந்ததால் துணைக்கு நான் போனேன். அந்த ரப்பர் ஆளைப் பார்க்கிற ஆசையும் இருந்தது, மறைக்கவில்லை. குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆட்டோவுக்குள் லாத்தா தன் கைப்பையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னம்மா, பையிக்கு உள்ள எதுவும் உசுரோட இருக்கா?" என்றார். கேட் திறக்கிறவரைக்கும் நாங்கள் மூவரும் சிரித்தோம். லாத்தாவின் சிரிப்பு மட்டும் சீக்கிரம் நின்றுவிட்டது.

பாளையங்கோட்டையில் ஒரு மாடி ஹாலில் பரீட்சை. பின்வரிசையில் ஒரு நாற்காலி, வாயைத் திறக்கக்கூடாது என்ற கட்டளையோடு, எனக்குக் கிடைத்தது. ரப்பர் ஆளைப் பார்த்து ஏமாந்துபோனேன். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை, கையும் இல்லை. வந்திருந்த நர்ஸ்கள் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டார்கள். மாப்பிள்ளையிலிருந்து ஒரு வயர் போய், அமுக்குகிற எண்ணிக்கையும் ஆழமும் திரையில் வந்தன.

ஸ்டெஃபி சூழ்நிலையைச் சொன்னாள். "ஐம்பது வயசு ஆண். பஸ் ஸ்டாண்டுல விழுந்து கெடக்காரு. பக்கத்துல நீங்க மட்டும். ஆரம்பிங்க சிஸ்டர்."

லாத்தா முதலில் சுற்றும்முற்றும் பார்த்தாள், வண்டி ஏதும் வருகிறதா என்று. முட்டி போட்டாள். மாப்பிள்ளையின் இரண்டு தோளையும் தட்டி, "காக்கா, காக்கா, என்ன செய்யுது? கண்ணத் தெறங்க" என்றாள். ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. அவள் குரலில் உண்மையாகவே ஒரு மனிதர் அங்கே கிடந்தார். உதவிக்குக் கூப்பிட்டாள். கழுத்தில் விரல் வைத்து நாடி பார்த்தாள், பத்து நொடிக்குள். நாடி இல்லை. கை நெஞ்சுக்குப் போனது.

முதல் முப்பது சரியாக வந்தது. அதற்குள் துணை ஆளாக அஃப்சல் என்கிற இளம் நர்ஸ் மூச்சுப் பையையும் ஷாக் கொடுக்கிற மிஷினையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். இரண்டு மூச்சு. அடுத்த முப்பது. மிஷின் பேசியது. லாத்தா கையை எடுத்துவிட்டு, "யாரும் தொடாதீங்க, தள்ளி நில்லுங்க" என்றாள். வீட்டுக்குள் நுழைகிற ஆட்டை விரட்டுகிற அதே குரல். நானே நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

ஷாக் முடிந்து அடுத்த சுற்று. இருபத்திமூன்று, இருபத்திநாலு. என் கண் திரையில் இல்லை, அவள் வலது கையில் இருந்தது. இருபத்தைந்தில் அந்தப் பெருவிரல் லேசாக எழும்பியது. நூலைத் தேடுகிற எழும்பல்தான், எனக்குத் தெரியாதா. இருபத்தேழாங் கிழமை என்று கத்திவிடுவேனோ என்று பயந்து முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். அஃப்சல் பையைப் பிடித்தபடி திரையைப் பார்க்காமல் அவள் கையையே நம்பிக் காத்திருந்தான்.

பெருவிரல் இறங்கியது. இருபத்தாறு. இருபத்தேழு. முப்பதில் அஃப்சல் ஒரு கணம்கூட முழிக்காமல் மூச்சுக் கொடுத்தான்.

முடிந்ததும் ஸ்டெஃபி திரையை இரண்டு தடவை பார்த்தாள். "ஒரு சுத்துகூட கொறயல. ஒரு அமுக்குகூட ஆழம் கொறயல. போன வாரம் வந்த சிஸ்டரா நீங்க? என்ன பண்ணுனிய?"

"நோன்பு வச்சேம்மா" என்றாள் லாத்தா.

ஸ்டெஃபிக்குப் புரியவில்லை. கட்டளை அதோடு முடிந்துவிட்டதாக நான் எடுத்துக்கொண்டு, பீடிக் கட்டிலிருந்து பெருநாள் தொழுகை வரை விளக்கமாகச் சொன்னேன். அந்தப் பெண் கேட்டுவிட்டு, கண்டிப்பான முகம் கலைந்து சிரித்தாள். "எங்க தவக்காலம் நாப்பது நாளு. நல்லவேள, நான் அப்பிடி எண்ணிப் படிக்கல."

பிறகு லாத்தாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இருபத்திரெண்டு வருஷத்துல இந்தக் கை எத்தன பேர அமுக்கியிருக்கும் சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"எண்ணல. எண்ணியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்ல, இருபத்தஞ்சுன்னு" என்றாள் லாத்தா.

அட்டை வந்துவிட்டது. உள்ளங்கை அளவுகூட இல்லை. மைதீன் காக்கா அதற்கு உறை வாங்கிப் போட்டு, கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். லாத்தா பிடுங்கி வைத்துக்கொண்டாள். ஒன்றாம் தேதி அவள் அவசரப் பிரிவு வாசலிலேயே நின்றாள். டோக்கன் மேஜைக்கு வேறு யாரையோ போட்டிருக்கிறார்கள். யாரென்று இன்னும் விசாரிக்கவில்லை.

அட்டை இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லுமாம். அதனால் வியாழன்தோறும் அஸருக்கு மேல் கோடுபோட்ட சட்டை மல்லாந்து கிடக்கிறது. அந்தச் சட்டையை இனிமேல் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கக் காக்காவுக்குத் தைரியம் வரவில்லை.

போன வாரம் பீடிக் கடையில் தட்டைக் கொடுத்தேன். அங்கே கட்டுகளைப் பார்த்து வாங்குகிற அருமைநாயகம் அண்ணாச்சி ஒரு கட்டைக் கையில் எடுத்துப் புரட்டினார். இன்னொன்றை எடுத்தார். நூலைப் பிரித்து எண்ணினார்.

"என்ன மும்தாஜு, கட்டுக்கு அஞ்சு கூடக் கெடக்கு? கம்பெனிக்கு ஏதும் நேந்துக்கிட்டியளா?"

எண்ணிப் பார்த்தேன். முப்பது. அடுத்த கட்டும் முப்பது. வியாழக்கிழமை சுற்றினது அத்தனையும் முப்பது.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டினேன். லாத்தாவிடம் சொன்னதற்கு அவள் சிரிக்கவேயில்லை. "நீ கட்டுத கட்ட இழுத்துட்டுத்தான் பாதிப் பேரு எங்கிட்ட வந்து விழுதான். அஞ்சு கூட்டி வேற கட்டாத" என்றாள்.

இப்போதெல்லாம் வியாழக்கிழமை அந்தச் சத்தம் தொடங்கினதும் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிடுகிறேன். வெறும் கையோடு உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, முப்பது வருகிறதா என்று எண்ணுகிறேன். இதுவரைக்கும் ஒரு தடவைகூடக் குறையவில்லை.